பன்னெண்டடுப்பு மசக்காள்

கேளுங்க. ரோடு இல்லாத காலம், ரயிலு இல்லாத காலம், இந்த ஆத்துமேல பாலம்னு ஒண்ணு வரும்னு யாரும் கனாக்கூடக் காணாத காலம். தாது வருசத்துப் பஞ்சம் வந்து ஊரு ஊராத் தொடச்சுட்டுப் போச்சில்ல, அதுக்கு அடுத்த வருசம்னு சொல்லுவாங்க. ஆத்துக்கு அக்கரையில கரிச்சிப்பாளையம்னு ஒரு ஊரு. இங்கிருந்து ரெண்டு நாள் நடை. அந்த ஊருல மசக்காள்னு ஒருத்தி இருந்தாளாம்.

அப்ப அவளுக்கு இருவத்தஞ்சு வயசு இருக்கும். கறுத்த பொம்பள, வாட்டசாட்டமா இருப்பாளாம். குரல் மட்டும் பெருசு. காட்டுல நின்னு கூப்பிட்டா ஊருக்குள்ள கேக்குமாம். புருசன் பேரு நஞ்சப்பன். ஒரே ஒரு பொண்ணு, நாலு வயசு, வேலாத்தான்னு பேரு. பஞ்சத்துல மாமனாரு போயிட்டாரு, மாமியா போயிட்டா, உழுத மாடு ரெண்டும் போச்சு. இவங்க மூணு பேரு மட்டும் எப்படியோ தப்பிச்சுக் கெடந்தாங்க.

அந்த நேரத்துலதான் ராக்கியண்ணன்னு ஒரு பெரியவரு ஊர் ஊராப் போயி ஆளு சேத்தாராம். என்ன சொன்னாராம்?

"ஆத்துக்கு அந்தக் கரையில மண்ணு சும்மா கெடக்குது. வெட்டித் திருத்தினா நமக்கே பட்டா குடுக்கறேன்னு தாலூக்கா கச்சேரியில சொல்லிட்டாங்க. வர்றவங்க வாங்க. இங்க கெடந்து சாகறதுக்கு அங்க ஆனை மிதிச்சுச் சாகலாம்!"

பன்னெண்டு குடும்பம் இந்தக் கரைக்கு வரக் கெளம்புச்சு. அதுல மசக்கா குடும்பம் ஒண்ணு.

ஆனா கச்சேரியில ஒரு நிபந்தனை போட்டாங்க. காடு காடாவே இருக்கட்டும்னு சொல்றவங்களும் சர்க்காருல இருந்தாங்க. அதனால என்ன எழுதினாங்கன்னா, பன்னெண்டு குடும்பம் போறீங்க, மூணு வருசத்துக்குப் பன்னெண்டு வீட்டுலயும் அடுப்பு எரியோணும். எங்க ஆளு சொல்லாமக் கொள்ளாம வந்து அக்கரை மேட்டுல நின்னு பொகையை எண்ணுவான். பன்னெண்டுல ஒண்ணு கொறைஞ்சாலும் ஊரு கெடையாது, எல்லாரும் எறங்கிப் போயிரோணும், அப்படீன்னு.

சரின்னு கைநாட்டு வெச்சாச்சு. மாசி மாசத்துல ஆத்தைத் தாண்டினாங்க. பரிசல் போட்டவன் பேரு மாதையன். மூங்கி வெளாரைப் பின்னித் தோல் போத்தின வட்டப் பரிசல். ஒரு நடைக்கு ஆறு பேருதான் ஏறலாம். இந்த எடத்துல ஆறு கசம். வெயில் காலத்துலயும் ஆளு முங்கற ஆழம், நடந்து தாண்ட முடியாது. வெடியறதுக்கு ஆரம்பிச்சவன் பொழுது எறங்கற வரைக்கும் இழுத்தானாம். அந்த மாதையன் எங்க பாட்டனுக்குப் பாட்டன். அதனாலதான் இந்தக் கதை எங்க வமுசத்துல நின்னுது. ஏன் நின்னுதுன்னு பொறகு சொல்றேன்.

இங்க வந்து பாத்தா என்ன இருக்குது? ஒண்ணுமில்ல. மூங்கி, முள்ளு, மூங்கிக்குள்ள ஆனைத்தடம். வெட்டினாங்க. வெட்டினதைக் காய விட்டுத் தீ வெச்சாங்க. சாம்பல் ஆறினதும் வேரைப் பறிச்சாங்க. பன்னெண்டு குடிசை போட்டாங்க, ஒரே வரிசையா, ஆத்தைப் பாத்த மாதிரி. அக்கரையில நிக்கறவன் பொகையை எண்ணோணுமில்ல! வைகாசியில மழை, ஆனியில ராகி வெதைச்சாங்க. மொளைச்சுதாம். இந்த மண்ணுல மொதமொதல்ல மனுசன் போட்ட வெதை அதுதான்னு சொல்லுவாங்க. வேலாத்தா அந்த மொளையைப் பாத்துட்டு, "அம்மா, பூமிக்கு மயிரு மொளைச்சிருக்குது"ன்னாளாம். சனமெல்லாம் சிரிச்சுதாம். பஞ்சத்துக்கப்புறம் அந்தச் சனம் சிரிச்ச மொதச் சிரிப்பு அதுதான்.

ஆடி மாசம் பொறந்துச்சு. காய்ச்சல் வந்துச்சு.

காட்டுக் காய்ச்சல். குளிரு வந்து ஆட்டும், பொறகு கொதிக்கும், பொறகு விடும், மறுநாளு திரும்பப் புடிக்கும். மொத வாரத்துல மூணு உசுரு போச்சு. ஒரு வீடு கெளம்புச்சு. "ரெண்டு நாளு, ஊருக்குப் போயி ஒடம்பைத் தேத்திக்கிட்டு வந்தர்றோம்"ன்னு சொல்லிட்டுப் பரிசல் ஏறினாங்க. அடுத்தாப்புல இன்னொரு வீடு. அடுத்தாப்புல இன்னொண்ணு. அஞ்சு வீடு போச்சு.

ஆறாம் வீடு மசக்கா வீடு. கொழந்தைக்குக் காய்ச்சல்.

நஞ்சப்பன் சொன்னானாம்: "கரிச்சிப்பாளையத்துல உங்கம்மா இருக்கறா, வைத்தியரு இருக்கறாரு. மூணு பேரும் போயிரலாம்."

மசக்கா கதவோரம் நின்னாளாம். எதுத்தாப்புல ராக்கியண்ணன் கயித்துக்கட்டில்ல படுத்துக் கெடக்கறாரு. அவருக்கும் காய்ச்சல். இவளையே பாத்துக்கிட்டு இருந்தாராம்.

"ஏனுங் மாமா," அப்படீன்னாளாம் புருசன்கிட்ட. "நாமளும் போயிட்டா அணைஞ்ச அடுப்பு அஞ்சு ஆறாயிரும். இருக்கறவங்களும் நம்மளைப் பாத்துக் கெளம்பிருவாங்க. அப்பறம் நாம திரும்பி வர்றதுக்கு எடமேது? நீங்க புள்ளையத் தூக்கிட்டுப் போங்க. நான் அடுப்பப் பாத்துக்கறேன்."

"தனியாவா?"

"பத்து நாளுதானுங்களே."

"பத்து நாளு," அப்படீன்னானாம் நஞ்சப்பன். "பத்தாம் நாளு பரிசல்ல நிப்பேன்."

கொழந்தையத் தோளுமேல போட்டான். அது கண்ணு தொறக்காமலேயே அம்மா முந்தானையைக் கெட்டியாப் புடிச்சுக்கிச்சாம். வெரலு வெரலாப் பிரிச்சு எடுத்து உட்டாளாம் மசக்கா. "வெரலு சுட்டுது மாதையா, கங்கு மாதிரி"ன்னு பொறகு மாதையன்கிட்டச் சொல்லியிருக்கறா.

பத்து நாளு ஆச்சு. ஆத்துல வெள்ளம். பதினஞ்சு நாளு பரிசலே எறங்கலை. வெள்ளம் வடிஞ்சுது. மிச்சமிருந்த வீடுக ஒண்ணொண்ணா எறங்கி அக்கரைக்குப் போச்சு. ஆவணி முடியறப்ப யாரு மிச்சம்? ராக்கியண்ணனும் மசக்காளும். பன்னெண்டு குடிசை, ரெண்டு ஆளு. அந்த ரெண்டுல ஒருத்தரு எந்திரிக்க முடியாத ஆளு.

மத்தவங்களா இருந்தா என்ன பண்ணுவாங்க? அவ என்ன பண்ணினா கேளுங்க.

காத்தால எந்திரிப்பா. தன் அடுப்பப் பத்தவைப்பா. ஓட்டாஞ்சில்லுல நாலு கங்கை எடுத்துக்குவா. பக்கத்துக் குடிசைக்குப் போவா. கூட்டுவா. மூணு கல்லுக்கு நடுவுல கங்கைப் போட்டு ஊதுவா. பானையில தண்ணி வெப்பா. அடுத்த குடிசைக்குப் போவா. கூட்டுவா, ஊதுவா, தண்ணி வெப்பா. அடுத்த குடிசை. அடுத்த குடிசை. பன்னெண்டு. வெயில் ஏறறதுக்குள்ள பன்னெண்டு பொகையும் எந்திரிச்சு நிக்குமாம்.

சும்மா போறதில்லையாம். ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு அவ பெருங்குரல்ல பேசுவாளாம்.

"ஏனுங்கக்கா, இன்னும் எந்திரிக்கலயா? பொழுது எங்க வந்திருச்சு பாருங்க!"

"ஏண்டா கருப்பணா, உம் பொண்டாட்டி எங்கடா? அடுப்புல தண்ணி கொதிக்குது, களி கிண்டச் சொல்லு!"

ராக்கியண்ணன் கட்டில்ல கெடந்தமேனிக்குக் கேட்டாராம்: "யாரு கூட ஆத்தா பேசறே? யாராச்சும் வந்துட்டாங்களா?"

"இல்லீங்க மாமா. பேச்சு மறந்து போயிருமேன்னு பேசறனுங்க."

கடைசியா தன் வீட்டுக்கு வருவா. களி கிண்டுவா. மூணு உருண்டை புடிப்பா. ஒண்ணு ராக்கியண்ணனுக்கு, ஒண்ணு தனக்கு. மூணாவது சின்ன உருண்டை. அதைச் சட்டியில வெச்சு மூடுவா. வேலாத்தாளுக்கு. பொழுது எறங்கினதும் ஆத்தங்கரைக்குப் போயி நிப்பா. பரிசல்ல யாரும் இல்லையின்னா வந்து அந்தச் சின்ன உருண்டையத் தானே கரைச்சுக் குடிப்பாளாம்.

மத்தியான நேரமெல்லாம் காட்டுலதான். பன்னெண்டு பேரு வெதைச்ச ராகி. பன்னி வராம, மானு வராம, கவணும் கையுமா நின்னு காப்பாத்தினா. எல்லாத்தையும் காப்பாத்த முடியுமா? ஒவ்வொருத்தர் காட்டுலயும் ஒரு மூலையையாச்சும் காப்பாத்தினா.

ஐப்பசி கடைசியில ஒருநாளு கச்சேரி சிரஸ்தாரு வந்துட்டாரு. எப்பவும் வர்ற சேவகன் இல்ல, பெரிய அதிகாரி. அக்கரை மேட்டுல நின்னு பொகையை எண்ணினாரு. பன்னெண்டு. சரின்னு திரும்பியிருக்கலாம். "எறங்கிப் பாத்துட்டே வந்தர்றேன்"ன்னு பரிசல்ல ஏறிட்டாரு.

வந்தாரு. மொத வீட்டுல எட்டிப் பாத்தாரு. அடுப்பு எரியுது, ஆளில்ல. ரெண்டாம் வீடு. அடுப்பு எரியுது, ஆளில்ல. மூணாம் வீட்டுக்கு வர்றப்ப மூஞ்சி செவந்து போச்சாம். அந்த வீட்டு அடுப்படியில குனிஞ்சு ஊதிக்கிட்டு இருக்கறா மசக்கா. தலையெல்லாம் சாம்பலு.

"ஏம்மா! இந்த வீட்டு ஆளுக எங்கே?"

"காய்ச்சலுக்குப் போயிருக்காங்க சாமி. வந்துருவாங்க."

"பக்கத்து வீடு?"

"அவங்களும் அப்படித்தானுங்க."

"அப்ப யாரும் இல்லாத வீட்டுல அடுப்பெரிச்சுச் சர்க்காரையா ஏமாத்தறே?"

மசக்கா எந்திரிச்சு நின்னாளாம். பயந்தாளா பயப்படலையா தெரியாது. என்ன சொன்னாள்ங்கறதுதான் தெரியும்.

"ஏமாத்தலீங்க சாமி. நாளைக்கு அவங்க வருவாங்க. ஆறிக் கெடக்கற வீட்டுல எப்படிங்க நொழைவாங்க? அடுப்பு எரிஞ்சாத்தானுங்களே அது அவங்க வீடு?"

சிரஸ்தாரு அடுப்புகிட்டக் குனிஞ்சாராம். பானையை மூடியிருந்த தட்டத்தை எடுத்துப் பாத்தாராம். வெறுந் தண்ணி கொதிக்குது. "இது யாரு வீடு?"ன்னாராம். கருப்பணன் வீடு, பொண்டாட்டி பேரு இது, புள்ளைக ரெண்டு, பெரியவனுக்கு எடதுகைப் பழக்கம்னு சொன்னா. "அது யாரு வீடு?" அதையும் சொன்னா. பன்னெண்டு வீட்டையும் கேட்டாராம், பன்னெண்டையும் சொன்னாளாம். கடைசி வீட்டுக்கு வந்தப்ப, "இது எங்க வீடுங்க. நஞ்சப்பன் வீடு. நான் இருக்கறனுங்க. அவரும் புள்ளையும் வரோணும்"ன்னா.

"தை பொறந்து பத்தாம் நாளு வருவேன்," அப்படீன்னாராம் சிரஸ்தாரு. "அன்னைக்குப் பொகையை எண்ண மாட்டேன். ஆளை எண்ணுவேன்."

அவரு போயிட்டாரு. மசக்கா ஓடிப்போயி ராகிக் காட்டுல எறங்கினா. ஒவ்வொருத்தர் காட்டுலயும் வெளைஞ்சிருந்த மூலையில அஞ்சஞ்சு கதிரு அறுத்தா. நாருல கட்டினா. பத்துக் கட்டு. மாதையன் கையில குடுத்தா.

"ஊரு ஊராப் போயி இதைக் குடு மாதையா. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம். உங்க காட்டுல வெளைஞ்சதுன்னு மட்டும் சொல்லு."

பொறகு இன்னொரு கட்டை எடுத்தாளாம், சின்னதா. "இது எங்க காட்டுது. கரிச்சிப்பாளையத்துல அவருகிட்டக் குடு. ஒரு கதிரைப் பாப்பா கையில குடு. பூமிக்கு மயிரு மொளைச்சிருக்குதுன்னாளே, அது கதிரு உட்டுருச்சுன்னு சொல்லு."

மாதையன் பரிசலைத் தம்பிகிட்ட உட்டுட்டு நடந்தான். கார்த்திகை முழுக்க நடந்தான்னு சொல்லுவாங்க. கருப்பணன் பொண்டாட்டி கதிரை வாங்கினாளாம். உள்ளங்கையில வெச்சுக் கசக்கினாளாம். உமியை ஊதினாளாம். நாலு மணியை வாயில போட்டு மென்னாளாம்.

"எங்க காட்டுதா?"

"உங்க காட்டுதுங்க."

"யாரு காவல் காத்தா?"

"மசக்கா."

"எங்க அடுப்பு?"

"எரியுதுங்க."

அந்தம்மா உள்ள போயி பானையெல்லாம் எடுத்துக் கட்ட ஆரம்பிச்சாளாம். இப்படித்தான் ஒவ்வொரு வீடும்.

கடைசியா கரிச்சிப்பாளையம் போனான். மசக்காளோட அம்மா வாசல்ல உக்காந்திருந்தா. கதிரைப் பாத்ததும் தலையில அடிச்சுக்கிட்டு அழுதாளாம்.

வேலாத்தா கரிச்சிப்பாளையம் வந்து சேரவே இல்ல. ஆத்தைத் தாண்டின அன்னைக்கே, மத்தியானம், சுமைதாங்கிக் கல்லுகிட்ட நஞ்சப்பன் தோளுமேலயே போயிட்டா. பக்கத்துல ஒரு புங்க மரம். அதுக்கடியில வெறுங்கையால தோண்டிப் பொதைச்சிருக்கறான். இங்க திரும்பி வர மூஞ்சி இல்லாமக் கரிச்சிப்பாளையம் போயி, மாமியாகிட்டச் சொல்லி அழுதுட்டு, கண்டிச் சீமைக்குக் காப்பித் தோட்டத்துக்கு ஆளெடுத்தவன்கூடப் போயிட்டான்.

மாதையன் திரும்பி வந்தான். வழியெல்லாம் ஓசனை. சொன்னா இவ உக்காந்துருவா. அடுப்பு ஆறிரும். வர்ற சனம் வர்றதுக்குள்ள ஊரே போயிரும். சொல்லாமப் போனா? கரையில எறங்கறான், மசக்கா நிக்கறா.

"பாத்தியா மாதையா?"

"பாத்தேன்க்கா."

"காய்ச்சல் உட்டுருச்சா?"

"உட்டுருச்சுக்கா."

"கதிரை வாங்கினாளா?"

மாதையன் ஆத்தைப் பாத்தானாம். "வாங்கினாக்கா. சிரிச்சா."

இதுதான் எங்க வமுசத்துப் பொய். இதைச் சொல்லாம இந்தக் கதையச் சொல்லக் கூடாதுன்னு எங்க பாட்டன் சொல்லிட்டுத்தான் செத்தாரு.

மார்கழியில சனம் வந்துச்சு. பத்து வீட்டுலயும் வந்துச்சு. நாலு வீட்டுல ஆளு கொறைஞ்சிருந்துச்சு, ஆனா வராத வீடு ஒண்ணும் இல்ல. அவங்கவங்க குடிசைக்குள்ள போயிப் பாத்தா அடுப்பு எரியுது, பானையில தண்ணி கொதிக்குது. ஊரே அழுதுச்சாம். மசக்கா மட்டும் கரையிலயே நின்னா. "அவங்க கடைசிப் பரிசல்ல வருவாங்க"ன்னாளாம்.

தை பத்து. சிரஸ்தாரு வந்தாரு, ஆளை எண்ணினாரு. அம்பத்தேழு பேரு. மூணு வருசம் காக்க வேண்டாம்னு அன்னைக்கே பட்டா குடுத்தாரு. "ஊருக்குப் பேரென்ன?"ன்னாராம். யாரும் பேரு வெக்கலை. அவரே எழுதினாராம், பன்னெண்டடுப்புன்னு.

அன்னைக்குச் சாயங்காலம் மாதையன் அவ வாசல்ல வந்து மண்ணுல உழுந்தான். எல்லாத்தையும் சொன்னான்.

மசக்கா சத்தமே போடலையாம். அந்தப் பெருங்குரலு எங்க போச்சோ. மெதுவாக் கேட்டாளாம்.

"எந்த எடம்?"

"சுமைதாங்கிக் கல்லுக்கா. புங்க மரத்தடி."

"ஆத்துல இருந்து எம்புட்டு தூரம்?"

"மூணு மைலுக்கா."

"அவ்வளவு கிட்டவா?" அப்படீன்னா. வெரல உட்டு எண்ணினா. "ஆடி, ஆவணி, பொரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. ஆறு மாசம் அவளுக்குக் களி எடுத்து வெச்சிருக்கறேன் மாதையா. மூணு மைலு தூரத்துல படுத்துக்கிட்டு இருந்திருக்கறா."

"பரிசல் நிக்குதுக்கா. வா, இப்பவே கூட்டிட்டுப் போறேன்."

"ஏற மாட்டேன். அந்த மரத்தப் பாத்தா நான் அங்கியே உக்காந்துருவேன். திரும்பி வர மாட்டேன். அவரு ஒருநாளைக்கு வந்தா யாரு இருக்கறது?"

அன்னைக்குச் சொன்னவதான். அப்பறம் மாதையன் பரிசல்ல அவ கால் வெக்கவே இல்ல.

ஏழு வருசம் போச்சு. ஊரு வளந்துச்சு. பன்னெண்டு அறுவது ஆச்சு. சந்தை கூடுச்சு. ஒரு நாளு மத்தியானம் மாதையன் மூச்சு வாங்க ஓடி வந்தானாம்.

"அக்கா! அவரு வந்திருக்கறாருக்கா. அக்கரையில நிக்கறாரு."

மசக்கா எந்திரிச்சா. "இந்தத் தடவ பொய்யி இல்லையே?"

"எங்க ஆத்தா மேல ஆணைக்கா."

கரைக்கு ஓடினா. ஆத்துக்கு அந்தாண்ட ஒரு உருவம். தோளுல ஒரு துணிமூட்டை. நரைச்ச தலை. "பரிசல்ல ஏறுங்கன்னு கும்பிட்டுப் பாத்தேன்க்கா," அப்படீன்னான் மாதையன். "புள்ளையத் தூக்கிட்டுப் போனவன் வெறுந்தோளோட எப்படி வருவேங்கறாரு. வீட்டுல யாரு இருக்கறாங்கன்னு கேட்டாரு. அக்கா மட்டும் இருக்கறாங்கன்னேன். உக்காந்து அழுதாரு."

மசக்கா கூப்பிட்டாளாம். "மாமா!" அப்படீன்னு, அந்தக் குரல்ல. தண்ணி மேல போயிக் கேட்டிருக்கும். அந்த உருவம் அசையலை. இவ வீட்டுக்கு ஓடி வந்தா. எரியற அடுப்புமேல பச்ச நொச்சித் தழையை அள்ளிப் போட்டா. பொகைன்னா பொகை, மேகம் மாதிரி. கூரைக்கு மேல எந்திரிச்சு ஆத்துப் பக்கமாச் சாஞ்சு போச்சாம். திரும்பக் கரைக்கு ஓடினா. அவன் அந்தப் பொகையையே பாத்துக்கிட்டு நின்னான். வெயிலு சாயற வரைக்கும் நின்னான். பொறகு மூட்டையத் தூக்கிக்கிட்டுத் திரும்பிப் போயிட்டான்.

அப்பறம் அவனை யாரும் பாக்கலை. பாத்ததாச் சொல்றவங்க இருக்கறாங்க, பழனிமலைப் படியில பாத்தோம், அங்க பாத்தோம் இங்க பாத்தோம்னு. எனக்குத் தெரியாது.

மசக்கா சொன்னது ஒண்ணு தெரியும். ஒரு தடவ மாதையன்கிட்டச் சொன்னாளாம்: "வந்தாரு, பாத்தாரு, அது போதும்னு நெனச்சேன் மாதையா. போதலை."

காலம் போச்சு. மாதையன் போனான், அவன் மகன் பரிசல் போட்டான். ஊருக்குப் போலீஸ் டேசன் வந்துச்சு, பள்ளிக்கூடம் வந்துச்சு, தாலூக்கா கச்சேரியே இக்கரைக்கு மாறுச்சு. எந்தக் கச்சேரி ஆளு பொகையை எண்ணினானோ அந்தக் கச்சேரியில இப்ப இந்தக் கரைச் சனம் உக்காந்து எழுதுச்சு. மசக்கா மட்டும் அதே எடத்துல, அதே அடுப்பு. ஒரு நாளும் ஆறினதில்ல. ஊரு வந்து அம்பது வருசத்துக்கு மேல கழிச்சுப் பாலம் கட்டினாங்க. அவளுக்கு எழுவத்தேழோ எழுவத்தெட்டோ.

பாலம் தொறக்கற அன்னைக்குத் தொரை வர்றாரு, மேளம் வருது, தோரணம் கட்டியிருக்குது. விடிஞ்சும் விடியாமலும் சனம் தூங்கி எந்திரிக்கறதுக்குள்ள மசக்கா கெளம்பிட்டா. ஒரு கையில தடி. ஒரு கையில சின்னச் சட்டி, அதுல சாம்பல் மூடின கங்கு. மடியில ராகி மாவு. தோரணத்துக்கு அடியில குனிஞ்சு பாலத்துல ஏறினா. இந்தப் பாலத்துல மொதல்ல நடந்த காலு அவ காலு.

மூணு மைலு. வழி கேட்டுக் கேட்டுப் போனாளாம். சுமைதாங்கிக் கல்லு சாஞ்சு கெடந்துச்சு. புங்க மரம் இருந்துச்சு, பெருசா, நெழலா. அடியில மூணு கல்லு வெச்சா. கங்கைப் போட்டு ஊதினா. களி கிண்டினா. சின்ன உருண்டையாப் புடிச்சு எலையில வெச்சா. அந்த வழியா ஆடோட்டிக்கிட்டு வந்த ஒருத்தன் பாத்திருக்கறான். "அந்தக் கெழவி மரத்துகிட்டப் பேசிக்கிட்டு இருந்துச்சு. 'கொஞ்சம் சூடா இருக்குது, ஊதித் தின்னு கண்ணு'ன்னு சொல்லுச்சு"ன்னான்.

வெயில் சாயத் திரும்பினா. அங்கியே உக்காந்துருவேன்னு சொன்னவ திரும்பி வந்தா. பாலத்து நடுவுக்கு வந்தப்பத் தலையத் தூக்கிப் பாத்தா. பாத்தவ நின்னுட்டா.

காத்தால அடுப்புல இருந்த கங்கை அள்ளிக்கிட்டுப் போயிட்டாளில்ல? அம்பது வருசத்துல அன்னைக்குத்தான் அவ அடுப்பு ஆறுச்சு. ஆனா அவ கூரை மேல பொகை நிக்குது. அவ வீட்டுப் பொகைதான், அவளுக்குத் தெரியாதா?

தடியப் போட்டுட்டு ஓடினாளாம். எழுவத்தெட்டு வயசு. சந்தைச் சனம், மேளக்காரன், போலீஸ்காரன் எல்லாரையும் தள்ளிக்கிட்டு ஓடினா. வாசல்ல வந்து, அந்தப் பழைய குரல்ல கேட்டாளாம்:

"யாரு? யாரு வந்திருக்கறது?"

உள்ள இருந்து பக்கத்து வீட்டுப் பொம்பள வெளிய வந்தா. கருப்பணன் பேத்தி. ஊதாங்குழல் கையோட நிக்கறா.

"நாந்தானுங் பெரியம்மா. உங்க வீட்டுல பொகையக் காணோம்னு வந்து பாத்தேன். அடுப்பு ஆறிக் கெடந்துச்சு. பத்தவெச்சேன்."

மசக்கா அந்தப் பொண்ணையே பாத்தாளாம். பாத்துக்கிட்டே வாசப்படியில உக்காந்தா. மகளு செத்ததைக் கேட்டப்ப அழுகலை, புருசன் திரும்பிப் போனப்ப அழுகலை. அன்னைக்கு அழுதா. மேளச் சத்தத்தையும் மீறி அது ஊரு முழுக்கக் கேட்டுச்சாம். அந்தப் பேத்திப் பொண்ணு பக்கத்துல உக்காந்து அவளைப் புடிச்சுக்கிட்டா.

அதுக்கப்பறம் ரெண்டு வருசம் இருந்தா மசக்கா. காத்தால அவளுக்கு முந்தி யாராச்சும் வந்து அடுப்பு பத்தவெச்சுருவாங்களாம். ஒருநாளைக்கு ஒரு வீட்டுப் பொம்பள. அவ போன பொறகும் அந்த வீட்டு அடுப்பை ஒரு வருசம் அணைய உடலையாம்.

அதுல இருந்து வந்ததுதானுங்க இது. நம்மூருல யாரு வீட்டைப் பூட்டிட்டு வெளியூரு போனாலும், திருப்பூருக்குப் போனாலும், துபாய்க்குப் போனாலும், சாவியப் பக்கத்து வீட்டுலதான் குடுப்பாங்க. அமாவாசைக்கு அமாவாசை பக்கத்து வீட்டுப் பொம்பள தொறந்து, கூட்டி, அடுப்பு பத்தவெச்சு ஒரு சொம்புத் தண்ணி கொதிக்க வெச்சுட்டுத்தான் பூட்டுவா. சண்டைக்காரியா இருந்தாலும் செய்வா. இப்ப கேஸ் அடுப்பு, சிலிண்டரைத் தொறந்து தட்டினா எரியுது, பொகையும் வர்றதில்ல. இருந்தாலும் பத்தவெக்கறாங்க. போன ஐப்பசியில நான் கோயமுத்தூரு ஆஸ்பத்திரியில நாப்பது நாளு கெடந்தேனே, எம் பொண்டாட்டியும் கூட வந்துட்டா. திரும்பி வந்து கதவத் தொறந்தா உள்ள ஈரவாடை இல்ல, பூச்சி வாடை இல்ல. அடுப்பு மேல சொம்புல தண்ணி இருந்துச்சு. தொட்டுப் பாத்தேன். சூடு இருந்துச்சுங்க.